வடிவு வீட்டில் பதினெட்டு

ஜூன் 8, ஞாயிறு

இன்று காலை பத்து மணிக்குச் சண்முகவடிவு வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: தெருச் சங்கச் செயலாளர் தங்கமாரியப்பன், வாசல் பக்கம். அவர் அக்காள் மகன் வேல்சாமி, பஸ் நிலையத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், மீட்டரோடு அறை நடுவில். மூன்றாம் வீட்டுக் கோமதி, கைப்பிள்ளையோடு ஜன்னல் ஓரம். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற அழகுராணி, கோமதிக்குப் பக்கத்தில். என் மருமகள் மாரீஸ்வரி, சமையலறை நிலையில் சாய்ந்துகொண்டு. வீட்டுக்காரி சண்முகவடிவு. என் பேத்தி தர்ஷிகா, வயது நாலு. கடைசியாக நான், ஆவுடையம்மாள், வயது அறுபத்தெட்டு, படிப்பு ஐந்தாம் வகுப்பு.

யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதச் சொன்னவர் செயலாளர். கலெக்டருக்குப் போகிற மனுவோடு இந்த நோட்டையும் சேர்ப்பாராம். தெருவில் காலேஜ் படித்த பிள்ளைகள் இருக்கும்போது என்னிடம் ஏன் கொடுத்தார் என்றால், "அக்காவுக்கு ஒண்ணும் மறக்காது." அது உண்மைதான். என் வீட்டுக்காரர் செத்த பதினாறாம் நாளுக்குச் சண்முகவடிவு சரிகை போட்ட பச்சைச் சேலையில் வந்தாள். வருஷம் 2003, ஐப்பசி 9. அவள் மறந்திருப்பாள்.

விஷயம் இதுதான். வடிவு வீட்டு மொட்டைமாடியில் மாசி மாதம் செல்போன் டவர் ஏறியது. கீழே அவள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். வேலைக்குப் போகிற தாய்மார் காலையில் விட்டுவிட்டுச் சாயங்காலம் தூக்கிப்போவார்கள். பதினொரு பிள்ளைகள், என் பேத்தியும் சேர்த்து. புருஷன் இல்லாத வடிவுக்கு அதுதான் பிழைப்பு. அந்தப் பிள்ளைகள் தலைக்கு மேலே டவர் நிற்கலாமா என்று தெருவில் முதலில் கேட்டவள் நான்.

வேல்சாமி எல்லோரையும் போனை அணைக்கச் சொன்னான். அணைத்தார்கள். டவர் கதிர்வீச்சை அளக்கிற கையகல மீட்டரை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தான். வாசலில் ஒன்று. சமையலறை ஓரம் ஒன்றரை. ஜன்னலில் இரண்டு. பிறகு தொட்டில் பக்கம் வந்தான். மீட்டர் கீச்சென்று கத்தியது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. பதினெட்டைக் காட்டியது.

"ஏ ஆத்தீ!" என்று அழகுராணி நெஞ்சில் கை வைத்தாள். கோமதி கைப்பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு வெளியே ஓடினாள். வடிவு அந்த நேரம் பார்த்து இருமினாள். சாதாரண இருமல் இல்லை, வீடு அதிர்கிற இருமல். மாரீஸ்வரிதான் தண்ணீர் கொடுத்தாள்.

பதினெட்டு. எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள்.

ஜூன் 9, திங்கள்

தெருவில் யாருக்கு என்ன உபத்திரவம் என்று தினமும் எழுத வேண்டும். தலைவலி: கோமதிக்கு உண்டு. அழகுராணிக்கு உண்டு, ஆனால் அவளுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்தே உண்டு. எனக்கு இல்லை. "இல்லைன்னு எழுதாதீக அக்கா, காலியா விடுங்க" என்றார் செயலாளர். விட்டிருக்கிறேன்.

திருப்பூரிலிருந்து என் மகள் முத்துச்செல்வி பேசினாள். "நேத்துக் காலையில போனப் போட்டுட்டு ஏம்மா பேசல? நான் இங்க அம்மா அம்மான்னு கத்துறேன். அங்க என்னமோ கீச்சு கீச்சுன்னு கேக்குது." கை பட்டிருக்கும் என்றேன்.

இது மனுவுக்கு வேண்டாத செய்தி. மையில் எழுதிவிட்டேன், என்ன செய்ய.

ஜூன் 11, புதன்

வடிவு வீட்டில் இன்று நாலு பிள்ளைகள். மற்ற தாய்மார் மாமியாரிடமும் அக்காளிடமும் விட்டுவிட்டார்கள். யாரும் இல்லாத அழகுராணி தன் மகனைத் தீப்பெட்டி ஆபீசுக்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

தர்ஷிகா என்னோடு இருக்கிறாள். பருப்புச் சாதம் பிசைந்து கொடுத்தேன். "வடிவாச்சி உருட்டி உருட்டித் தரும்" என்றாள். நானும் உருட்டினேன். "இது பெருசு" என்றாள். சின்னதாக உருட்டினேன். "இது வடிவாச்சி இல்ல" என்று தட்டைத் தள்ளிவிட்டாள்.

தலைவலி: யாரிடமும் கேட்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

வடிவு வீட்டில் ஒரு பிள்ளை.

ஜூன் 14, சனி

ஒன்றும் இல்லை. தொட்டிலை அவிழ்த்துவிட்டாள். கயிற்றைக் கொடியில் காயப்போட்டிருக்கிறாள்.

ஜூன் 17, செவ்வாய்

குழாயடியில் வடிவு எனக்கு முன்னால் நின்றாள். யாரும் அவளோடு பேசவில்லை. அவள் திரும்பி, "சாப்டீகளா மதினி?" என்று என்னைக் கேட்டாள். தினமும் கேட்கிறாள். நான் குடத்தைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றேன்.

2011இல் என்னைக் கேட்காமல் என் பக்கத்து முருங்கைக் கிளையை வெட்டினாள். அதற்கு முன்னால் கோவில் கொடைக்கு நான் வைத்த பொங்கலை "கொஞ்சம் குழைஞ்சுபோச்சோ" என்று நாலு பேர் நடுவில் கேட்டாள். இதையெல்லாம் நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் தெம்பாக இருக்கும். இன்று இல்லை.

ஜூன் 21, சனி

சர்க்கார் ஆபீசிலிருந்து அளக்க ஆள் வருகிறதாம். எங்கள் மனுவால் இல்லை. அது இன்னும் செயலாளர் மேசையில்தான் கிடக்கிறது. வடிவு தானே எழுதிப் போட்டிருக்கிறாள்: "என் வீட்டைச் சரியாக அளந்து சொல்லுங்கள். கெடுதல் என்றால் டவரை எடுத்துவிடுகிறேன்."

மாரீஸ்வரி சொன்னாள். "பாவம் அத்தை, நெஞ்சுல தைரியம் இருக்கப்போய்த்தான கூப்பிடுறாக."

நான் அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கல்லும் கண்ணில் படவில்லை.

ஜூன் 25, புதன்

வந்தது ஒரு பெண். நஸ்ரீன் என்று பெயர். முப்பது வயது இருக்கும். கூட டிரைவர் மட்டும். பெட்டியைத் திறந்து ஒரு கோலை எடுத்தாள். நுனியில் வெள்ளையாக எலுமிச்சை அளவில் ஓர் உருண்டை. அதை ஒரு மரத் தாங்கியில் பொருத்தி அறை நடுவில் நிறுத்தினாள்.

வேல்சாமிக்குத் தாங்கவில்லை. "கையில பிடிச்சு அளக்க மாட்டீகளா மேடம்?"

"கையில பிடிக்கிறதுதான். ஆனா இவ்வளவு சின்ன ரூம்ல நம்ம உடம்பே அளவைக் கூட்டும், இல்ல கொறைக்கும். நீங்க எல்லாரும் வெளிய போங்க. நானும் தள்ளித்தான் நிப்பேன். போனையெல்லாம் அணைச்சு ஒண்ணா ஒரு இடத்துல வைங்க."

பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கிற பெரிய பானையை வடிவு கொண்டுவந்தாள். சும்மா கிடந்த பானை. எல்லோரும் போனை அதில் போட்டார்கள். செயலாளருடைய போன் பக்திப் பாட்டுப் பாடிக்கொண்டே உள்ளே போனது. "அணைக்கணும் சார்" என்று அந்தப் பெண் வெளியே எடுத்துக் கொடுத்தாள். டிரைவர் பானையைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடியில் போய் உட்கார்ந்தான். என் போனை நான் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

ஒவ்வோர் இடத்திலும் ஆறு நிமிஷம் விட்டாள். "பொசுக்குன்னு ஏறுற நம்பரை எழுதக் கூடாது. ஆறு நிமிஷத்துச் சராசரியத்தான் எழுதணும்." தலை உயரத்துக்கு ஒரு தடவை, நெஞ்சு உயரத்துக்கு ஒரு தடவை. பிறகு யாரும் சொல்லாமலே கோலைத் தாழ்த்தித் தொட்டில் தொங்கின உயரத்துக்கு வைத்தாள். நாங்கள் தெருவில் வெயிலில் நின்றோம். வடிவு மட்டும் உட்காரவும் இல்லை, சாயவும் இல்லை.

முடித்து வெளியே வந்தாள். "அதிகபட்சம் ஒண்ணு புள்ளி நாலு. சட்டம் விடுறதுல இது ரொம்ப ரொம்பக் கம்மி. டவர்ல இருந்து வர்றது தூரத்தப் பாத்து விழும். நேர் கீழ அவ்வளவா இருக்காது. விளக்குக்கு அடியில இருட்டுதான?"

"அப்ப அந்தப் பதினெட்டு?" என்றாள் அழகுராணி. இதற்காகவே அரைநாள் லீவு போட்டு வந்திருந்தாள்.

அந்தப் பெண் வேல்சாமியின் மீட்டரை உள்ளே கொண்டுபோய்க் கோலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்று புள்ளி ஆறு. "மீட்டர் பரவாயில்ல. அன்னைக்கு நம்பர் ஒரே இடத்துல நின்னுச்சா, விட்டுவிட்டு ஏறிச்சா?"

"ஏறி இறங்கி ஏறிச்சு மேடம்."

"அப்ப அது டவர் இல்ல. பக்கத்துல யாரோ போன் பேசியிருக்காங்க. யார் யார் எங்க நின்னாங்க?"

"அக்கா நோட்டுல இருக்கும்" என்றார் செயலாளர்.

நான் வாசித்தேன். செயலாளர் வாசல் பக்கம். கோமதி ஜன்னல் ஓரம். மாரீஸ்வரி சமையலறை நிலையில்.

"நீங்க எங்கம்மா நின்னீங்க?"

"வாசப்படியில."

"இல்ல" என்றாள் தர்ஷிகா. "ஆச்சி தொட்டில்கிட்ட நின்னுச்சு. நான் ஆச்சி சேலையப் பிடிச்சிட்டு நின்னேன்."

யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கோமதி வேல்சாமிமேல் பாய்ந்தாள். "உன் போன்தானடே? ஊரையெல்லாம் அணைக்கச் சொல்லிட்டு நீ அணைக்கலையாக்கும்!"

"நான் அணைச்சேன் மதினி. சத்தியமா அணைச்சேன்."

"போன் ரிப்பேர் பாக்கிறவன் சத்தியம்!" என்று யாரோ சிரித்தார்கள். அவன் தாய்மாமனான செயலாளரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வடிவுதான் குறுக்கே வந்தாள். "விடுங்க மேடம். நடந்தது நடந்துபோச்சு. இப்பத்தான் சரியா அளந்தாச்சுல்ல."

ஜூன் 26, வியாழன்

இந்த நோட்டு கலெக்டருக்குப் போகப்போவதில்லை. ஆகையால் எழுதுகிறேன்.

அளப்பதற்கு முந்தின நாள் செயலாளர் வீட்டில் வேல்சாமி மீட்டரைக் காட்டினான். அப்போது அவன் போன் அடித்தது, மீட்டர் கத்தியது. அவன் சிரித்துக்கொண்டே போனை அணைத்தான். நான் சிரிக்கவில்லை. மனதில் வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை இடுப்புச் சுருக்குப்பைக்குள் என் பட்டன் போன் இருந்தது. இரண்டாம் நம்பரை அழுத்திப் பிடித்தால் முத்துச்செல்விக்குப் போகும்படி என் மகன் வைத்துக் கொடுத்திருந்தான். வேல்சாமி தொட்டில் பக்கம் வரும்போது சேலைக்கு மேலாகவே அழுத்தினேன். அவன் மீட்டரை என் பக்கம் நீட்டினபோது இடுப்பைக் கொஞ்சம் முன்னால் தள்ளினேன். அதையும் செய்தேன்.

டவரைப் பற்றி எனக்கு ஒரு பயமும் இல்லை. என் வீட்டு மாடியில் கேட்டிருந்தால் நானும் வைத்திருப்பேன்.

பங்குனியில் தர்ஷிகாவுக்குக் காய்ச்சல். மூன்று நாள் மடியில் போட்டுக்கொண்டு ஈரத்துணி போட்டேன். மூன்றாம் நாள் கண் விழித்து, "வடிவாச்சியக் கூப்பிடு" என்று அழுதாள். "ஆச்சி இருக்கேன்ல தங்கம்" என்றேன். "நீ போ" என்றாள். மாரீஸ்வரி போய்க் கூட்டிவந்தாள். வடிவு தூக்கின உடனே பிள்ளை அடங்கிவிட்டது. என் கண் முன்னால்.

நாலு வயசுப் பிள்ளை காய்ச்சலில் சொன்ன சொல்லுக்குப் பதினொரு வீட்டை உலுக்கியிருக்கிறேன். எழுதிப் பார்க்கும்போது இவ்வளவு சின்னதாக இருக்கிறது.

ஜூன் 28, சனி

சர்க்காரே அளந்து சொல்லியும் ஒரு பிள்ளைகூடத் திரும்பவில்லை. அழகுராணியைத் தெருவில் நிறுத்திக் கேட்டேன்.

"அந்தம்மா சொல்றது சரியாத்தான் பெரியம்மா இருக்கும். ஆனா பதினெட்டக் கண்ணால பாத்துட்டோம்ல? அது எப்படி வந்துச்சுன்னு யாருக்கும் தெரியல. தெரியாத இடத்துல எப்படிப் பிள்ளைய விட?"

அவள் மகன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். விரல் நுனியெல்லாம் தீக்குச்சி மருந்துக் கறை. ஆபீசில் குச்சியோடு விளையாடியிருக்கிறான். "இவன அங்க கூட்டிட்டுப் போக எனக்கு மட்டும் ஆசையா?" என்றாள். அவள் சொல்லிவிட்டுப் போனாள். நான் தெருவிலேயே நின்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

வேல்சாமி கடையில் ஈ ஓட்டுகிறான் என்று மாரீஸ்வரி சொன்னாள். "போனை அணைக்கத் தெரியாதவன் போனை எப்படி ரிப்பேர் பாப்பான்னு கேலி பேசுறாக அத்தை." வடிவு வீட்டைக் காலி செய்துகொண்டு சங்கரன்கோவிலில் தம்பி வீட்டுக்குப் போகிறாளாம். வருகிற திங்கள்.

நான் வாயைத் திறந்தால் அவள் இருப்பாள். திறக்காவிட்டால் போவாள். இவ்வளவுதான் கணக்கு. எனக்கு மறதி வராதா என்று பார்க்கிறேன்.

ஜூலை 3, வியாழன்

மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். பச்சைச் சேலைக்குப் பிறகு நான் அந்த வாசல் ஏறினது அளந்த அந்த இரண்டு நாள் மட்டும்தான். பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மதினி. உக்காருங்க."

உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது. "வடிவு, அந்தப் பதினெட்டு" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் மதினி."

"என்னத்தத் தெரியும்?"

"முத்துச்செல்வி குரல் எனக்குத் தெரியாதா? நான் தூக்கி வளத்த பிள்ள. உங்க மடிக்குள்ள இருந்து அம்மா அம்மான்னு கத்துறா. எல்லாருக்கும் கேட்டுரும்னுதான் அந்த இருமு இருமினேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரிஞ்சும் ஏன்டி சொல்லல? உன் பொழப்புல்ல போச்சு!"

"எப்படி மதினி சொல்ல? தர்ஷிகா உங்க சேலையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. அது பாக்க, மடியப் பிரிச்சுக் காட்டுங்கன்னு சொல்லவா? சரியா அளந்தா சரியாப் போயிரும்னு நெனச்சேன். ஆளுக எழுதின காகிதத்த நம்ப மாட்டாகன்னு எனக்குத் தோணல."

"என்னைத் திட்டு."

"எதுக்கு?"

"திட்டுடி!"

அவள் ஒரு ரப்பர் யானையைத் துடைத்துச் சாக்கில் போட்டாள். "உங்களுக்குக் காப்பி போடவா?" என்றாள்.

நான் விறுவிறு என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். செருப்பை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

சங்கக் கூட்டம். தெருவே இருந்தது. செயலாளர் குடிதண்ணீர் பற்றிப் பேசி முடிக்கும்வரை காத்திருந்து எழுந்தேன். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்கு மீட்டர் கத்தினது என் மடியில இருந்த போனால. கை பட்டு இல்ல. தெரிஞ்சேதான் அழுத்தினேன். வேல்சாமி போன அணைச்சிருந்தான். வடிவு வீட்டுல ஒண்ணும் இல்ல. பிள்ளைகள விடுங்க."

மறுபடி கேட்டார் செயலாளர், காது கேளாதவர் மாதிரி. மறுபடி முழுதும் சொன்னேன். இரண்டாம் தடவைதான் கஷ்டமாக இருந்தது.

"சீ" என்றாள் கோமதி. அந்த ஒரு சொல்தான். வேல்சாமி, "அணைச்சேன்னு சொன்னேன்ல மாமா, சொன்னேன்ல" என்று தன் மாமனிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக் கண்ணைத் துடைத்தான். நான் அவன் கையைப் பிடிக்கப் போனேன். கையை இழுத்துக்கொண்டான். அழகுராணி ஏன் செய்தேன் என்று கேட்டாள். "பொறாமை" என்றேன். யார்மேல் என்று கேட்டாள். நான் உட்கார்ந்துவிட்டேன். தர்ஷிகா முன் வரிசையில் தரையில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள்.

வீட்டில் மாரீஸ்வரி சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் அத்தை" என்றாள் அங்கிருந்து. கோபமாகச் சொல்லியிருந்தால் தின்றிருப்பேன்.

ஜூலை 7, திங்கள்

சாமான் ஏற்ற வந்த வண்டியை வடிவு திருப்பி அனுப்பிவிட்டாள். அழகுராணி மகன் முதலில் வந்தான். சாயங்காலத்துக்குள் நாலு.

ஜூலை 9, புதன்

எட்டுப் பிள்ளைகள். தர்ஷிகாவை நானே கொண்டுபோய் விட்டேன். என் கையை உதறிக்கொண்டு ஓடினாள். தெருவில் பெண்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள். நியாயம்தான். நானும் அப்படித்தான் நிறுத்தியிருப்பேன், வருஷமும் தேதியும் குறித்து வைத்திருப்பேன்.

ஜூலை 10, வியாழன்

பேத்தியை விடப் போனபோது வாசலில் புதிதாக ஒரு தாய் நின்றாள். ரயில்வே குடியிருப்புக்கு மாற்றலாகி வந்தவள். "இந்த வீட்டுலதான் என்னமோ கெடுதலா அளந்தாங்கன்னு சொன்னாங்களே?" என்று கேட்டாள்.

வடிவு என் முகத்தைப் பார்க்காமலே பதில் சொன்னாள். "அதா? அது மீட்டர் கோளாறும்மா. தப்பாக் காட்டிருச்சு. இப்பச் சரியா அளந்து காகிதமே குடுத்திருக்காக, பாருங்க."

தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகும் மூடுகிறாள்.

"மீட்டர் கோளாறு இல்லம்மா" என்றேன். "நான்தான். என் பேரு ஆவுடையம்மா, அடுத்த வீடு. உள்ள வந்து பிள்ளைய விடு, பயப்படாத."

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வடிவு பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

கோமதி சீ என்றதை மன்னித்துவிட்டேன். வேல்சாமி கையை இழுத்துக்கொண்டதில் மன்னிக்க ஒன்றுமில்லை, அது அவன் கை. செயலாளர் இரண்டு தடவை சொல்ல வைத்ததையும் விட்டுவிட்டேன். ஆனால் அன்று அந்த அறையில் ஒருத்தி என்னை வெளுத்திருக்கலாம். நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், இருவரும் தெருப் புழுதியை வாரித் தூற்றியிருப்போம், எனக்கும் ஒரு பக்கம் நியாயம் இருக்கிற மாதிரி இருந்திருக்கும். அவள் இருமினாள். பிழைப்புப் போகப் போக வாயை மூடிக்கொண்டிருந்தாள். நான் எவ்வளவு கீழே நிற்கிறேன் என்று எனக்கே காட்டிவிட்டு, காட்டவே இல்லாத மாதிரி இன்றும் சிரிக்கிறாள்.

சண்முகவடிவை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன்.